இடது கைச் சுவர்

பின்சுவரில் விரிசல் விழுந்த புதிதில் அதற்குள் ஒரு தீக்குச்சிதான் நுழைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விரல் நுழைந்தது. மாமனாருக்குக் கண் தெரியாது. காலையில் எழுந்ததும் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பது அவருக்குப் பேப்பர் படிப்பது மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணரை விரல் போகுது மாப்ள. ரெண்டு விரல் போச்சுன்னா நாம போயிடணும். இல்லேன்னா சுவரு நம்மளைக் கேக்காம உள்ள வந்துடும்."

வீட்டுக்கு அடியில் ஓடிய பழைய சாக்கடை மண்ணை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. நகராட்சியிலிருந்து வந்த இரண்டு பேரும் சுவருக்குப் பக்கத்தில் வரவே இல்லை. தள்ளி நின்று பார்த்தார்கள். அடுத்த மழைக்கு முன் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். மாமனார் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணை எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மருமகன் கடைத்தெருவில் கப்பிலும் பனியனிலும் படம் அச்சடித்துக் கொடுப்பவன். பட்டம் வாங்கியவன்தான், ஆனாலும் தெருவில் அவனுக்குக் கப்புக்காரன் என்றுதான் பெயர். இருவருக்கும் நடுவில் இருந்தவள், அவருக்கு இளைய மகள், இவனுக்கு மனைவி. அந்த வீட்டின் சின்ன அறையில் ஏழு மாதம் படுத்திருந்து, இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனாள். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. காரியமெல்லாம் முடிந்ததும் அவன் தன் ஊரைப் பார்த்துப் போய்விடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் போகவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் இரண்டு டம்ளர் டீ போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வீடு காலியாகப் போகிற சேதி தெரிந்ததும் மூத்த மகள் போன் செய்தாள். அவள் பெரிய நகரத்தில் நான்காவது மாடியில் இருந்தாள்.

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி. உன் பொண்டாட்டியே இல்ல, அவ அப்பனை நீ கட்டிக்கிட்டு அழணுமா? உனக்குன்னு ஒரு பொழப்பு வேணாமா?"

"காலி மனை ஒண்ணு இருக்குக்கா. அதுல கட்டிடலாம்னு பாக்கறேன்."

"கட்டு. யாரு வேணாம்னா? ஆனா ஒண்ணு. நீ எட்டு மணிக்குக் கடைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றே. புது வீட்டுல அவர் தனியா எழுந்து, தனியா பாத்ரூம் போயி, தனியா தண்ணி மொண்டு குடிப்பாரா? குடிப்பாருன்னா அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் என்கிட்ட யாரும் சண்டைக்கு வரக் கூடாது."

அவள் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அவ நல்லவதான்," என்றார். "ஆனா அங்க போனா என்னை ஒரு நாற்காலியில வெச்சுடுவா. எழுந்தா 'அப்பா உக்காருங்க'ம்பா. நடந்தா 'அப்பா உக்காருங்க'ம்பா. உக்காந்த இடத்துல தும்மினாக்கூட 'உக்காருங்க'ன்னுதான் சொல்லுவா."

"என்ன மாமா பண்ணலாம்?"

"இந்த வீடு எப்படி இருக்கோ அப்படியே கட்டு. ஒரு சாண் கூட வேணாம், ஒரு சாண் குறைய வேணாம். நான் கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்த வீட்டில் அவர் நடப்பதைப் பார்த்தால் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வலது கையில் கோலோ டம்ளரோ இருக்கும். இடது கை சுவரில் இருக்கும். வாசலிலிருந்து நாலாவது அடியில் இடது பக்கம் சின்ன அறை. ஆறாவதில் வலது பக்கம் அவர் அறை. ஒன்பதாவதில் இடது பக்கம் அடுப்படி. பதினாலாவதில் பின்கதவு. இறங்கி வலது பக்கம் மூன்று அடி வைத்தால் பாத்ரூம். பன்னிரண்டு வருடத்தில் சுவரில் அவர் கை போன தடம் எண்ணெய் பூசிய மாதிரி ஒரு கோடாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேப்பைப் பிடித்து அளந்தான். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இழு, தொய்யுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் கடையில், கப்புகள் சூடேறிக்கொண்டிருந்த நேரத்தில், கம்ப்யூட்டரில் கோடுகளை இழுத்துப் படம் வரைந்தான். அச்சடித்து எடுத்து, அறைகளின் பெயரையும் அளவுகளையும் பேனாவால் எழுதினான். கொத்தனார் வந்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இஞ்சினியரெல்லாம் இவ்ளோ சுத்தமா போட மாட்டான் தம்பி," என்றார்.

எட்டு மாதம் ஓடியது. பள்ளிக்கூடங்களின் விளையாட்டு விழாப் பனியன்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கடையை மூடிவிட்டு, போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவான். எதுவும் தப்பாகத் தெரிந்ததில்லை. கல்லும் கம்பியும் கிடக்கிற இடத்துக்கு மாமனாரைக் கூட்டிப் போக முடியாது. தரை போட்டு முடிந்த பிறகு, கொத்தனாரே, "டிரைவரை அழைச்சிட்டு வாங்க, நடந்து பாக்கட்டும்" என்றார்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. சித்தாள் பெண் ரப்பர் குழாயைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஈரச் சிமெண்டு வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

"வாங்க டிரைவரே! உங்க வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்து வெச்சிருக்கேன்," என்றார் கொத்தனார்.

"அந்த விரிசலையும் எடுத்துட்டு வந்தியா, விட்டுட்டு வந்தியா?"

மாமனார் செருப்பைக் கழற்றினார். கோலை வலது கைக்கு மாற்றி, இடது கையைச் சுவரில் வைத்து நடந்தார். வாய்க்குள் எண்ணினார். நாலாவது அடியில் நின்றார். இடது கை சுவரை மேலும் கீழும் தடவியது.

"சின்ன ரூமுக்குக் கதவு வைக்கலியா?"

யாரும் பதில் சொல்வதற்குள் இன்னும் இரண்டு அடி வைத்தார். சுவர் முடிந்து கை வெற்றிடத்தில் விழுந்தது. தோள் கதவு நிலையில் மோதியது. கப்புக்காரன் ஓடிப் போய்ப் பிடித்தான்.

"இது என்ன ஓட்டை?"

"உங்க ரூம் மாமா."

"என் ரூம் இந்தக் கைப் பக்கம்டா!" வலது கையைத் தூக்கி ஆட்டினார். கோல் கொத்தனாரின் காதுக்குப் பக்கத்தில் போய் வந்தது.

சித்தாள் குழாயைக் கீழே விட்டுவிட்டாள். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. கொத்தனார் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் சிமெண்டு ஏறி வெள்ளையாக இருந்தது. "பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் சுவத்துல இருக்கு. நான் ஒரு அங்குலம் மாத்தல. நீங்களே பாருங்க தம்பி."

அவன் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. வீட்டைப் பார்த்தான். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பிறகு, சின்னப் பையன் மாதிரி, எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசித்து, அந்தக் கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தான். தாளைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தான்; பின்பக்கம் வழியாகப் பழைய வீடு தெரிந்தது.

அச்சடித்த தாளைக் கப்பின் மேல் கவிழ்த்து ஒட்டிச் சூடேற்றுவார்கள்; கப்பில் எழுத்து நேராக விழ வேண்டும் என்றால் தாளில் அது இடம் வலமாகத் திரும்பி விழ வேண்டும். அதனால் அவன் கடைப் பிரிண்டர் எதைக் கொடுத்தாலும் கண்ணாடியில் தெரிகிற மாதிரிதான் அடிக்கும். ஆறு வருடமாக அந்தப் பொத்தானை அவன் தொட்டதே இல்லை. வீட்டையும் அது திருப்பி அடித்துவிட்டது. கோடுகளோடு எழுத்தையும் சேர்த்து அடித்திருந்தால் அன்றைக்கே பல்லைக் காட்டியிருக்கும். கையால் எழுதியதால் மாட்டவில்லை. திருப்பிப் போட்ட படங்களையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, எழும்பி நின்ற வீட்டிலும் ஒன்றும் உறைக்கவில்லை.

சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான்.

மாமனார் தடவிப் பார்த்து ஒரு சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். "மாப்ள, கப்புல போட்டோ தப்பா விழுந்துட்டா என்ன பண்ணுவே?"

"வேற கப்பு குடுத்துடுவேன் மாமா."

"நல்லது. வேற வீடு குடு."

கொத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். கப்புக்காரன் சிரிக்கவில்லை. "கதவுங்களை இடிச்சு மாத்த முடியுமா?" என்று அவரைக் கேட்டான்.

"ரூம் கதவை எப்படியாவது மாத்தலாம். பாத்ரூமை எங்க கொண்டு போறது? குழாய் மொத்தமும் அந்தப் பக்கம் பதிச்சாச்சு. நாள் எத்தனை இருக்கு?"

பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. அன்றைக்குத்தான் மூத்த மகள் கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பினார்கள். பாதி வழியில் அவன், "தப்பு பண்ணிட்டேன் மாமா," என்றான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு. அதையும் திருப்பிப் போட்டுடாதே."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றார். பழைய வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் பின்கதவுக்கும் நடந்தபடியே இருந்தார். அவன் கடைக்குப் போகாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மூத்த மகளுக்குப் போன் செய்து, 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. அவர் போய்விட்டால் காலையில் ஒரு டம்ளர் டீ போதும். அதற்குமேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்னை அங்க இறக்கி விட்டுட்டுக் கடைக்குப் போ."

"எதுக்கு மாமா?"

"வேலை கத்துக்கறதுக்கு. இத்தனை வருஷமா இடது கை உழைச்சுது, இது சும்மா ஊர் சுத்துச்சு." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இனிமே இது உழைக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அவரைக் கொண்டுபோய் விட்டான். மத்தியானம் அவித்த முட்டையும் சோறும் எடுத்துக்கொண்டு போவான். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே சத்தம் கேட்கும்.

"இடது பக்கம் பெரியவரே, இடது! லாரியையும் இப்படித்தான் ஓட்டினீங்களா?" இது சித்தாள்.

"லாரிக்கு ஸ்டியரிங் இருந்துச்சும்மா. எனக்கு எங்க இருக்கு?"

"ஒரு மாசத்துக்கு எத்தனை பேர் மேல ஏத்துவீங்க?"

"ஆள் மேல ஏத்தினதில்ல. ஒரே ஒரு தடவை ஒரு டீக்கடை மேல ஏத்தினேன். அது அவன் தப்பு, ரோட்டுல வந்து கடை போட்டிருந்தான்."

கொத்தனார் மேலிருந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா, எனக்கு மட்டம் தப்புது," என்று கத்துவார்.

முதல் நாள் முழங்கையில் தோல் உரிந்தது. இரண்டாம் நாள் நெற்றியில் ஒரு புடைப்பு. மூன்றாம் நாள் பின்கதவில் இறங்கி, பழக்கத்தில் வலது பக்கம் திரும்பி, சலித்து வைத்த மணல் குவியலில் முட்டிக்கால் வரை இறங்கி நின்றார். சித்தாள் சிரித்துச் சிரித்து, சல்லடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவரும் மணலுக்குள் நின்றபடியே சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "முடியாது போலிருக்கு மாப்ள," என்றார். "கால் சொன்னபடி கேக்குது. கைதான் பழைய எடத்தையே தேடுது."

ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் போனபோது சத்தம் இல்லை. கொத்தனாரும் சித்தாளும் வெளியே வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். மாமனார் கூடத்தில் தனியாக நின்றிருந்தார். இடது உள்ளங்கை சுவரில் இருந்தது. நாலாவது அடி.

"சாப்பிடலாம் மாமா."

"இங்க வா. இந்தச் சுவத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமா. வெறும் சுவர்."

"ஆமா. வெறும் சுவரு." கையை எடுக்கவில்லை. "அங்க இந்த எடத்துல அவ ரூம் கதவு. வாசல்லேருந்து உள்ள போகும்போதெல்லாம் கையில படும். ஒரு நாளைக்கு இருபது தடவை. கண்ணு தெரிஞ்சவன் வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போயிடலாம். எனக்கு அந்தச் சுவத்தை விட்டா வழி கிடையாது."

அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தான்.

"சில நாள் வாசல்ல உக்காந்திருக்கறப்ப மூத்திரம் முட்டும். அந்தக் கதவைத் தொட்டுக்கிட்டுப் போகணுமேன்னு அடக்கிக்கிட்டுக் கெடப்பேன். ஒரு கெழவன் இதையெல்லாம் யாருகிட்ட சொல்லுவான்?"

"அப்புறம் ஏன் மாமா அதே மாதிரி கட்டச் சொன்னீங்க?"

"எனக்கு நடக்கத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதானேடா."

வெளியே கொத்தனார் குறட்டை விட்டார். கப்புக்காரன் முட்டையை உரித்து அவர் கையில் வைத்தான். அவர் அதைப் பிட்டுப் பாதியை அவன் பக்கம் நீட்டினார். தின்றார்கள்.

"நானும் கூடத்துல அந்தக் கதவுப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன் மாமா," என்றான். "ரெண்டு வருஷமா."

"தெரியும். உன் மூச்சு எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு எனக்குக் கேக்காதா?" கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு உப்பு கொஞ்சம் எடுத்துட்டு வா. முட்டை சப்புன்னு இருக்கு."

வெள்ளிக்கிழமை சாமான் ஏற்றினார்கள். வானம் மூடிக்கொண்டிருந்தது. விரிசல் இரண்டு விரலைத் தாண்டியிருந்தது. சின்ன அறையைத் திறக்க வேண்டி வந்தது. உள்ளே கட்டிலும் ஒரு மின்விசிறியும் இருந்தன. துணிமணிகளை மூத்த மகள் எப்போதோ எடுத்துப் போயிருந்தாள். கூலிக்கு வந்த இரண்டு பேர் கட்டிலைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி கிளம்பியபோது மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து, "கயிறு தளருது, பின்னாடி ஆடுது பாரு," என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்திப் பார்த்தால் கயிறு தளர்ந்துதான் இருந்தது.

மூத்த மகள் ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டாள். வந்ததும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படியை ஒழுங்குபடுத்தினாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, கண்ணைச் சுழற்றி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்ன தம்பி, எதுவோ ஒரு மாதிரி இருக்கு?"

"திருப்பிக் கட்டிட்டோம்க்கா." காரணத்தைச் சொன்னான். அவள் சுவரைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா? கண்ணு தெரியாத மனுஷனுக்குத் தலைகீழா ஒரு வீடு! அப்பா, துணியெல்லாம் எடுத்து வைக்கட்டுமா?"

"வை. யாரு போறா?"

"நீங்கதான்."

"நான் இப்ப பாத்ரூம் போறேன். வந்து பேசறேன்."

கட்டிலிலிருந்து எழுந்தார். அறை வாசலுக்கு வந்தார். வலது கையை நீட்டி எதிர்ச் சுவரைத் தொட்டார். ஏழு, எட்டு. ஒன்பதாவது அடியில் வலது பக்கம் அடுப்படி. கடந்தார். பதினாலு. பின்கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியதும் உடம்பு தானாக வலது பக்கம் திரும்பியது.

"பாத்தியா!" என்று மூத்த மகள் எழுந்தாள். கப்புக்காரனும் எழுந்துவிட்டான். ஓடிப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பிவிட ஒரு நொடி ஆகாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகவில்லை.

மாமனார் ஒரு அடி வைத்திருந்தார். நின்றார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். "ம்ஹூம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருந்த இடத்திலேயே முழுக்கத் திரும்பினார். நாலு அடி வைத்தார். பாத்ரூம் கதவு திறந்து மூடியது.

அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்து நேரே அடுப்படிக்குள் போனார். பானையைத் தடவி, மொண்டு குடித்தார். பிறகு பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய குரல்.

"சக்கரை டப்பா எங்கே? யாரு மாத்தினது?"

"நான்தான்ப்பா, மேல் தட்டுல..."

"வீட்டை மாத்தினவனைக்கூட விட்டுடலாம். சக்கரை டப்பாவை மாத்தினவளை என்ன செய்யறது?"

"உங்களுக்குச் சக்கரையே ஆகாதுப்பா!"

"திங்கறதுக்கா கேட்டேன்? இருக்கற எடம் தெரிய வேணாமா?"

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுது முடித்தாள். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய், டப்பாவை எடுத்து அவர் கை எட்டும் இடத்தில் வைத்து, அவர் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். காரில் ஏறும்போது, "தினம் ஒரு போன் பண்ணு தம்பி," என்றாள். "தினம் முடியலேன்னா ரெண்டு நாளைக்கு ஒண்ணு." கொண்டுவந்த காலிப் பெட்டியைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனாள்.

கார் தெரு திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு அவன் உள்ளே வந்தான். உடம்பெல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கூடத்தில் அவன் பாய் இன்னும் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. வலது பக்கச் சின்ன அறையில் அவள் படுத்திருந்த கட்டில் போட்டிருந்தது. சுண்ணாம்பு வாசனை. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் வந்து விழுந்திருந்தது. உட்கார்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தான். பிறகு படுத்தான்.

கூடத்தில் காலடி கேட்டது. வாய்க்குள் எண்ணுவது கேட்டது. ஆறு, ஏழு. எதிலோ மோதுகிற சத்தம். "சனியனே!" பிறகு அமைதி.

அவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

உள்ளங்கை சுவரில் உரசுகிற சத்தம் வந்தது. முதலில் நிதானமாக, பிறகு கொஞ்சம் வேகமாக. எட்டு. ஒன்பது. பானை மூடி நகர்ந்தது. தண்ணீர் மொள்ளுகிற சத்தம்.

அவன் தலையைத் திரும்பக் கீழே வைத்தான். மாமனார் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது எத்தனை எண்ணினார் என்று அவனுக்குத் தெரியாது. அதற்குள் தூங்கிப்போயிருந்தான்.